மிதிவண்டியை விலக்க வேண்டாம், பிள்ளைகளின் கால்களைக் காப்போம்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை அவர்களுடைய அம்மாச்சி வீட்டிற்கு அழைத்துச் செல்வது எங்கள் குடும்பத்து வழக்கம். ஒரத்தநாட்டுப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கரையை ஒட்டிய ஊர் அது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் நாளன்று திறப்பார்கள் என்பதால், மே மாதத்தில் கால்வாய் வறண்டு கிடக்கும். வெயில் தாழ்ந்த பிறகு அந்தக் கரைப் பாதையில் எல்லோரும் மிதிவண்டியில் போய் வருவதற்காகவே எங்கள் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் காத்திருப்பார்கள்.

சென்ற கோடையில் நான்கு வண்டிகளில் ஏழு பேர் புறப்பட்டோம். ஆறு வயதான எங்கள் இளைய மகன், தாய்மாமன் ஓட்டிய வண்டியின் கேரியரில் வெறுங்காலுடன் அமர்ந்திருந்தான். அரை கிலோமீட்டர் கூடச் சென்றிருக்க மாட்டோம். கால் வைக்க இடமின்றித் தொங்கவிட்டிருந்த அவனுடைய வலது குதிகால், சுழலும் பின்சக்கரத்தின் கம்பிகளுக்குள் சிக்கி, வண்டியின் இரும்புக் குழாயோடு நசுங்கியது.

பதற்றத்தில் நாங்கள் செய்தவை பெரும்பாலும் தவறானவை. காலைப் பிடித்து இழுத்தோம். இரத்தம் நிற்பதற்காகக் காப்பித்தூளை வைத்து அழுத்தினோம். காயம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே இருந்ததால், வீட்டிலேயே ஆறிவிடும் என்று எண்ணினோம். மூன்றாம் நாள் காயத்தைச் சுற்றியிருந்த தோல் கறுத்துப் போயிற்று. அதன் பின்னரே மருத்துவமனைக்கு வந்தோம். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. ஆனால் இறந்துபோன தோலை நீக்கிவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்து மூட வேண்டியதாயிற்று.

குதிகாலின் பின்புறத்தில் தோலுக்கும் தசைநாணுக்கும் இடையே சதைப்பற்று மிகக் குறைவு என்று மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். சக்கரக் கம்பி அந்த இடத்தைக் கிழிப்பதோடு நசுக்கவும் செய்கிறது. நசுங்கிய தோலுக்கு இரத்த ஓட்டம் குன்றிவிடுவதால், முதல் நாள் நலமாகத் தோன்றும் பகுதி சில நாள்களில் கறுத்துவிடக்கூடும். எனவே இத்தகைய காயத்தின் அளவைக் கண்டு யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் மீண்டும் வரச் சொல்லும் நாளையும் தவறவிடக் கூடாது.

காயத்தைவிட எங்களை அதிகம் வருத்தியது மற்றொன்று. மருத்துவமனைக்கு வந்த உறவினர் ஒவ்வொருவரும், "வண்டியை ஓட்டியது யார்?" என்றே முதலில் கேட்டனர். காது குத்தியபோது அந்தப் பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மாமன், வார்டுக்குள் வரத் துணிவின்றி வாசலிலேயே நின்றிருந்தார். மாமா ஏன் வரவில்லை என்று மகன் இரண்டு நாள்கள் கேட்டுக்கொண்டிருந்தான். தன்னால்தான் மாமா திட்டு வாங்குகிறார் என்று அவன் நினைத்திருந்தான் என்பது பின்னரே எங்களுக்குத் தெரிந்தது.

உண்மையில் அவனைக் கேரியரில் ஏற்றி உட்கார வைத்தவர்கள் நாங்கள்தாம். செருப்பைப் போடச் சொல்லாதவர்களும் நாங்கள்தாம். கால் வைக்கும் படி இல்லாத வண்டியில் சிறு பிள்ளை அமர்வதை ஊரே நாள்தோறும் பார்க்கிறது. எல்லோரும் பழகிவிட்ட ஒரு தவற்றுக்கு ஒருவரை மட்டும் குற்றவாளி ஆக்குவதால் எந்தக் காயமும் ஆறாது. நோயாளியைக் காண வருவோர் இந்தக் கேள்வியை மருத்துவமனை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதே எங்கள் கருத்து. பிள்ளைக்கு அப்போது தேவைப்படுபவர் தாய்மாமன். அவரை நாங்களே கைப்பிடித்து உள்ளே அழைத்து வந்தோம்.

இனி மிதிவண்டியே வேண்டாம் என்று கூறியவர்களும் உண்டு. அதையும் நாங்கள் ஏற்கவில்லை. நகரத்தில் தனித்தனி அறைகளில் வளரும் பிள்ளைகள், மாமன் மகளோடும் சித்தி மகனோடும் ஒன்றாகக் களைத்து வீடு திரும்பும் மாலைகள் ஆண்டுக்குச் சிலவே. அவற்றைப் பறிப்பது எளிது. பாதுகாப்பாக்குவதும் அரிதன்று. பின்சக்கரத்தின் இருபுறமும் கம்பிகளை மறைக்கும் வலையையும், கால் வைக்கும் படிகளையும் மிதிவண்டிக் கடையிலேயே பொருத்திக் கொள்ளலாம். பாதத்தை மூடும் காலணி இன்றி எந்தப் பிள்ளையையும் ஏற்றக் கூடாது. படியில் கால் எட்டாத குழந்தைக்கு, கால்களை மறைத்துக் காக்கும் தனி இருக்கை வேண்டும். அது இல்லையெனில் அன்று நடந்தே செல்லலாம்.

மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும். சக்கரத்தில் ஆடை சிக்காமல் காக்கும் மறைப்பும், பின்னால் இருப்பவருக்குக் கால் வைக்கும் படியும் சட்டப்படியே இருக்க வேண்டியவை. நான்கு வயதைக் கடந்த எவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதும் சட்டமே. அடுத்த தெருவுக்குத்தானே என்று அவற்றைத் தவிர்க்க வேண்டாம்.

அப்படியும் கால் சிக்கிக்கொண்டால், வண்டியை உடனே நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுழற்றாமலும் காலை இழுக்காமலும், கம்பியைத் தளர்த்தியோ வெட்டியோ காலை விடுவியுங்கள். ஓடும் தூய நீரில் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, காலைச் சற்று உயர்த்தி வைத்தபடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். ஊருக்குப் புறப்படும்போது பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் பையில் எடுத்து வையுங்கள். எங்களிடம் அட்டை இல்லாததால், ஐந்து வயதுக்கு மேல் போட வேண்டிய ஊசி போடப்பட்டதா என்ற மருத்துவரின் கேள்விக்கு எங்களால் உறுதியாக விடை சொல்ல இயலவில்லை.

எங்கள் மகன் இப்போது ஓடி விளையாடுகிறான். குதிகாலில் தழும்பு மட்டும் இருக்கிறது. அவனுடைய மாமா தம் வண்டிக்கு வலையும் படியும் பொருத்திவிட்டதாகத் தொலைபேசியில் தெரிவித்தார். வரும் மே மாதத்திலும் நாங்கள் அந்தக் கரைக்குச் செல்வோம். அவன் மாமாவின் வண்டியில்தான் ஏறுவான், காலணி அணிந்து.