பள்ளிக்கூடத்துக்கு முந்திய பாடங்கள்



தரம் ஒன்றுக்கு விண்ணப்பம் நிரப்பும் காலம் வந்துவிட்டால், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். "இவன் பள்ளிக்கூடத்தில நிண்டு படிப்பானோ?" கேட்டுவிட்டு, பிள்ளையைக் கூப்பிட்டு "அ, ஆ சொல்லு தம்பி" என்பார்கள். சில பிள்ளைகள் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார்கள். அதே பிள்ளைக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. அழும், அல்லது அம்மாவின் கையை இழுத்துக்கொண்டுபோய்க் குடத்தின் மேல் வைக்கும்.

எழுத்துச் சொல்வதை வைத்து அந்தப் பிள்ளையின் படிப்பைக் கணிக்க முடியாது. பிறகு எதை வைத்துக் கணிக்கலாம் என்பதைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

அதற்கு முதல் ஒன்று. இன்று மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாரில் பலர் 2009இல் தாங்களே சிறுமிகள். பங்கருக்குள் இருந்தவர்கள், தகப்பனைப் பறிகொடுத்தவர்கள். "என்ர பயம்தான் பிள்ளைக்கு வந்திட்டுது" என்று அழுகிற தாயை நான் ஒருவரல்ல, பலரைக் கண்டிருக்கிறேன். தாயின் பாசக்குறைவால் ஓட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு வைத்தியர்கள் சிலரே எழுதினார்கள்தான். அந்தக் கருத்து எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. ஓட்டிசம் பிள்ளையின் மூளை வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டது. போர் நடக்காத ஊர்களிலும் இருக்கிறது. கொழும்புப் பக்கத்தில் வைத்தியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் ஒன்றரை வயது தொடக்கம் இரண்டு வயது வரையான பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் இருந்தது.

இனி விசயத்துக்கு வருவோம். ஒரு வயது தாண்டிய பிள்ளை மதிலில் காகத்தைக் கண்டால் விரலை நீட்டும். பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். "அம்மா, கண்டனீங்களோ?" என்பதுதான் அந்தப் பார்வையின் பொருள். காகம் அதற்கு வேண்டியதில்லை, உங்களுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேர் சேர்ந்து ஒன்றைப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் குறைவாக இருக்கும். அமெரிக்காவில் பீற்றர் மண்டி, மரியன் சிக்மன், கொனி கசாரி ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பழக்கம் கூடுதலாக இருந்த பிள்ளைகளே ஓராண்டுக்குப் பிறகு மொழியில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள், வகுப்பறை என்பதே இதுதானே? ரீச்சர் கரும்பலகையைக் காட்டினால் முப்பது பிள்ளைகளும் அங்கே பார்க்க வேண்டும். அந்தப் பார்வை வராத பிள்ளைக்கு எழுத்துப் பாடமாக இருந்தும் வகுப்பு விளங்காது.

இதோடு சேர்ந்தவை இன்னும் சில. மற்றவர் செய்வதைப் பார்த்துச் செய்தல், சிரட்டையில் சோறு சமைப்பது போன்ற பாவனை விளையாட்டு, சொல்வதை விளங்கிக்கொள்ளுதல். தாய்மார் "எத்தனை சொல் சொல்லுறான்" என்று எண்ணுகிறார்கள். எத்தனை சொல் விளங்குகிறது என்பதையும் பாருங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அனெற் எஸ்ரிஸ் குழுவினர் ஓட்டிசம் உள்ள 30 பிள்ளைகளை ஒன்பது வயதில் சோதித்து 2011இல் எழுதினார்கள். ஆறு வயதில் மற்றவர்களோடு பழகும் திறன் முன்னேறியிருந்த பிள்ளைகள், ஒன்பது வயதில் படிப்பிலும் கூடுதலாகச் செய்திருந்தார்கள். பழகுவது வேறு, படிப்பு வேறு என்று நினைக்கும் எங்கள் ரியூசன் மனப்பான்மைக்கு இது நல்ல பதில்.

ஐந்து வயதாகியும் கதைக்காவிட்டால் இனி இல்லை என்று மனம் உடைந்துவிடாதீர்கள். நான்கு வயதில் பேச்சு மிகவும் பிந்தியிருந்த 535 பிள்ளைகளை எட்டு வயதிலும் அதற்குப் பிறகும் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013இல் வெளிவந்தது. அவர்களில் 70 வீதமானோர் சொற்களைச் சேர்த்துச் சிறு தொடர்களாகக் கதைத்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் சரளமாகக் கதைத்தார்கள். எல்லோரும் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்? நான் சமூகவியல் படித்தவள், வைத்தியர் அல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று வைத்தியசாலையில் பார்க்க வேண்டும். குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், கிளினிக்குக்கு வழி காட்டுவார். "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்" என்று அம்மம்மா சொல்வதைக் கேட்டு ஒரு வருடத்தைப் போக்க வேண்டாம்.

கிளினிக் திகதி வரும் வரைக்கும் வீட்டு வேலையோடு வேலையாகச் செய்யக்கூடியவை உண்டு. எங்கள் வீடுகளில் பிள்ளை கேட்க முதலே எல்லாம் கைக்கு வந்துவிடுகிறது. தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் தாய்க்கு நேரம் ஏது, கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். ஒரு நாளில் இரண்டு மூன்று தடவையாவது கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். தண்ணீரை அரைக் கோப்பை மட்டும் ஊற்றிவிட்டு நில்லுங்கள். கச்சானை மூடி இறுக்கிய கண்ணாடிப் போத்தலில் போட்டுக் கையில் கொடுங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்தாலோ, கையை நீட்டினாலோ, ஒரு சத்தம் போட்டாலோ அதுவே கேள்விதான். "தண்ணி" என்று சொல்லி உடனே கொடுங்கள். சரியாகச் சொன்னால்தான் தருவேன் என்று அழவிடக் கூடாது. பிள்ளை சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தால் பறிக்காமல் பக்கத்தில் இருந்து நீங்களும் சுற்றுங்கள். உங்களைத் திரும்பிப் பார்க்கும் நேரம் வரும்.

இப்படி விளையாட்டோடு சேர்ந்து பழக்குவதைக் கொனி கசாரி குழுவினர் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் பரீட்சித்தார்கள். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், ஐந்தாறு கிழமை. 2006இல் வெளிவந்த முடிவின்படி சேர்ந்து பார்ப்பதும் விளையாட்டும் கூடியிருந்தன. பயிற்சி பெற்றவர்கள் செய்த வேலை அது. ஆனாலும் அதன் அடிப்படை தாயின் கைக்கு எட்டாததல்ல. போனைக் கொடுத்தால் பிள்ளை அமைதியாகும், எனக்கும் தெரியும். ஆனால் போன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாது.

பாடசாலையில் "கதைக்கத் தொடங்கினதும் கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பினால் பேசாமல் வந்துவிடாதீர்கள். உடல், உளக் குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள், தனியே போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அனுமதி கிடைத்ததும் ரீச்சருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்கு என்னென்ன சொல் விளங்கும், மலசலகூடம் போக எப்படிக் காட்டுவான், மணிச் சத்தத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் என்ன செய்வான், எதைக் கையில் கொடுத்தால் ஆறுவான். எழுதுவது கஷ்டம் என்றால் எங்களிடம் வாருங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதித் தருகிறோம்.