ராகலைப் பிள்ளை கணிதப் பட்டம் பெற: கோட்டாவுக்கு முன்னால் நிற்கும் கேள்வி

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் மலையகத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். கணிதத்தில் 'ஏ' எடுத்த பிள்ளையை உயர்தரத்துக்கு எந்தத் துறையில் விடுவது? ராகலை, கந்தப்பளை, உடப்புசல்லாவைப் பக்கத் தோட்டங்களில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பிள்ளையின் விருப்பம் பதிலாவதில்லை. பக்கத்துப் பாடசாலையில் என்ன இருக்கிறதோ அதுவே பதில். கலைத்துறை இருக்கும், சில இடங்களில் வர்த்தகம் இருக்கும். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றுக்கும் ஆசிரியர் உள்ள தமிழ்மொழிப் பாடசாலையைத் தேடித்தான் போகவேண்டும்.

கணிதத்தில் பட்டம் பெறுவதை நாம் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தில் தொடங்கும் விடயமாகப் பேசுகிறோம். தோட்டத்துப் பிள்ளைக்கு அது பதினாறு வயதிலேயே முடிந்துவிடுகிறது. நாட்டிலுள்ள சுமார் 10,000 அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதத் துறைகளை நடத்தும் '1ஏபி' தரப் பாடசாலைகள் ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே. எண்ணூறுக்கும் மேற்பட்ட பெருந்தோட்டப் பாடசாலைகளில் அந்தத் தரத்தை எட்டியவை மிகச் சில. தரம் பெயர்ப்பலகையில் வந்துவிட்டாலும் ஆசிரியர் கூடவே வந்துவிடுவதில்லை என்பது தனிக்கதை.

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு இந்த விடயத்தில் ஒரு மனத்தடை இருக்கலாம். 'மாவட்ட ஒதுக்கீடு' என்ற சொல்லே எமக்குத் தரப்படுத்தலை நினைவூட்டுகிறது. 1970 களின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாக இருந்தபோது தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. 1974 இல் மாவட்ட முறை வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர் அரசியலில் அது விட்ட காயம் எல்லோருக்கும் தெரிந்தது. அதே காலத்தில் நுவரெலியாத் தோட்டப் பிள்ளையின் நிலை என்ன? பாடசாலையே பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது, ஓராசிரியர், ஓர் அறை. 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்திருந்தது. தரப்படுத்தலால் பாதிக்கப்படக்கூட ஒருவர் பரீட்சை மண்டபம் வரை போயிருக்க வேண்டும்.

இன்றைய முறையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அந்த 16 இல் நுவரெலியா இருக்கிறது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாவும் இருக்கின்றன. 2001 முதல் மொத்தப் புள்ளிகளுக்குப் பதிலாக இசட் புள்ளி பார்க்கப்படுகிறது. ஒரு பாடத்தில் எடுத்த புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்து எடுப்பது அது. கணிதம் படிக்கப்போகும் பிள்ளை தன் தலைவிதியைத் தீர்மானிக்கும் அந்தச் சூத்திரத்தை ஒருமுறை தானே போட்டுப் பார்ப்பது நல்லது. 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களின் புள்ளிகளைச் சேர்த்துக் கணித்தது தவறு என்று உயர் நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது.

ஆக, காகிதத்தில் நுவரெலியாவுக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. பௌதிக விஞ்ஞானக் கற்கைநெறிக்கு அந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி கொழும்பைவிடத் தாழ்ந்தே நிற்கும். ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்குரியது, தோட்டத்துக்குரியது அல்ல. அதே இடங்களுக்கு நகரத்துத் தேசிய பாடசாலை மாணவரும் போட்டியிடுகின்றனர். வெளிமாவட்டங்களிலிருந்து வந்து மலையகப் பாடசாலைகளில் பதிந்து பரீட்சை எழுதுவோர் பற்றிய முறைப்பாடுகளும் புதியவை அல்ல, அவர்களில் வடக்கைச் சேர்ந்தவர்களும் உண்டு என்பதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கணித வகுப்புக்காகக் கண்டிக்கோ வேறு மாவட்டத்துக்கோ பிள்ளையை மாற்றும் பெற்றோர், மாவட்டம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று பார்ப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எங்கே படித்தார் என்பது அதில் முக்கியம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பெறுபேறு வந்தபிறகுதான் பலர் கையில் எடுக்கிறார்கள். அதை உயர்தரத்தில் சேருவதற்கு முன்பே வாசித்திருக்க வேண்டும்.

அடுத்தது செலவு. 2026 ஜனவரி முதல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,550 ரூபா, வரவுக்கான அரச ஊக்குவிப்பு 200 ரூபா, மொத்தம் 1,750. அதுவும் கொழுந்து நிறை குறைந்து 'அரைப்பேர்' விழாத நாளில். இணைந்த கணிதம் ரியூசன் இல்லாமல் நடக்காத பாடமாகிவிட்டது. தலா மூன்று மணித்தியாலமாக இரண்டு வினாத்தாள்கள், தூய கணிதம் ஒருபுறம், நிலையியலும் இயக்கவியலும் மறுபுறம். மூன்று பாடங்களின் கட்டணமும் நுவரெலியாவுக்கான பஸ் கூலியும் சேர்ந்தால் மாதத்தில் எத்தனை பேர் போகும் என்று தாய் கணக்குப் போட்டபிறகுதான் 'சரி, கலைத்துறையே படி' என்கிறாள். ஒரு காலத்தில் தேயிலை ஏற்றுவதற்கு நானுஓயாவிலிருந்து ராகலை வரை குறுகிய ரயில் பாதை போட்டிருந்தார்கள். இன்று பிள்ளைகள் வகுப்பு முடிந்து இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு நேரத்துக்கு வரும் பஸ் கேட்கவேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் தாண்டி நல்ல பெறுபேறு எடுத்தவர் என்ன செய்கிறார்? முதல் கண் பொறியியலில் இருக்கும். அது கிடைக்காவிட்டால் 'பௌதிக விஞ்ஞானம்', ஏதோ ஆறுதல் பரிசுபோல. இன்னொரு பகுதியினர் பத்தனை ஸ்ரீபாத போன்ற கல்வியியல் கல்லூரிகளுக்குப் போகிறார்கள், விரைவில் ஆசிரியர் நியமனம் வரும் என்பதால். குடும்ப நிலையில் அது நியாயமான முடிவு, குறைசொல்ல முடியாது. ஆனால் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பிக்கப் பட்டதாரி வேண்டும். அந்தப் பட்டதாரி உருவாகாததால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லாததால் பட்டதாரி உருவாவதில்லை.

இந்தச் சுற்றை வெளியிலிருந்து உடைக்க முயன்றார்கள். வே. இராதாகிருஷ்ணன் கல்வி இராஜாங்க அமைச்சராக இருந்தபோது தமிழகத்திலிருந்து கணித, விஞ்ஞான ஆசிரியர்களை அழைக்கும் யோசனை வந்தது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அதே காலப்பகுதியில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குச் சுமார் 3,000 ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபா. எண்ணிக்கை கூடியது, உயர்தரக் கணிதத்தின் வெற்றிடம் அப்படியே கிடந்தது.

இதை வன்னி வாசகர் எளிதில் விளங்கிக்கொள்வார். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி நோக்கி வந்து குடியேறிய குடும்பங்கள் பல. போருக்குள் அகப்பட்டு, இடம்பெயர்ந்து, மீண்டும் குடியமர்ந்தபோது அவர்களின் பிள்ளைகளும் கணித ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்கே திரும்பினார்கள். யாழ்ப்பாணத்தில் கணிதத்துக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. 1855 இலேயே கறல் விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணித நூல் எழுதினார். அதே காலத்தில்தான் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் கோப்பித் தோட்டங்களுக்காகக் காட்டுவழி மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வசதி எந்தப் பக்கம் இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

இப்போது உயர்தரத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். விண்ணப்பத்தில் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும்போது பெயருக்காக நிரப்பவேண்டாம். பேராதனை ராகலைக்குக் கிட்ட. யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் தமிழ்ச் சூழல் உண்டு. வவுனியாவில் பிரயோக கணிதமும் கணினியும் சேர்ந்த பட்டம் உண்டு. எங்கே போனாலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்துடன் நிற்பதா, நான்காம் ஆண்டு விசேட பட்டத்துக்குப் போவதா என்பதை முதலாண்டுப் புள்ளிகளே தீர்மானிக்கத் தொடங்கிவிடும். முதலாண்டில் பலரை வீழ்த்துவது நிறுவல். வகையீடும் தொகையீடும் செய்து பழகிய கைக்கு, 'எல்லை என்றால் என்ன?' என்று ஆங்கிலத்தில் வரைவிலக்கணம் கேட்கும் பாடம் அந்நியமாக இருக்கும். பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் பல மாதங்கள் வீணாகின்றன. எம்.ஐ.டி. இலவசமாக வெளியிட்டுள்ள கில்பேர்ட் ஸ்ட்ராங்கின் 'லீனியர் அல்ஜிப்ரா' விரிவுரைகளை அந்த மாதங்களில் பார்த்தால் மொழியும் கணிதமும் ஒன்றாகப் பழகும். மகாபொல 2025 இல் 5,000 இலிருந்து 7,500 ரூபாவாக்கப்பட்டது. சாப்பாட்டுக்கே பற்றாது, ஆனாலும் விண்ணப்பத் திகதியைத் தவறவிடக்கூடாது.

அரசியல்வாதிகள் தேர்தலுக்குத் தேர்தல் மலையகப் பல்கலைக்கழகம் பற்றிப் பேசுகிறார்கள். அதற்கு முன் செய்யக்கூடிய சிறிய வேலை இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள்: நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த. தமிழ்மொழி மாணவர் உள்ள ஒவ்வொரு வலயத்திலும் ஒரு பாடசாலையைத் தெரிவுசெய்து, இணைந்த கணிதத்துக்கு இரண்டு பட்டதாரிகளை இடமாற்றமின்றிக் குறித்த காலம் நிறுத்தி, தூரத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு விடுதி கொடுத்தால் போதும். இரண்டு பேர் ஏன் என்றால், ஒருவர் பிரசவ விடுமுறையிலோ இடமாற்றத்திலோ போன மறுநாளே வகுப்பு கலைந்துவிடும். மத்திய மாகாண சபைக்கும் கல்வி அமைச்சுக்கும் இது பெரிய தொகை அல்ல. தோட்டத்தில் வாக்குக் கேட்டு வருபவரிடம் பெற்றோர் கேட்கவேண்டியது இதைத்தான்: எங்கள் வலயத்தில் இணைந்த கணிதம் எந்தப் பாடசாலையில், யார் படிப்பிக்கிறார், அடுத்த வருடமும் இருப்பாரா?