எச்சரிக்கையை அடக்குவதும் தீர்ப்பதும்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இரயில் பாதையில், குப்பத்திற்கு அடுத்து அமைந்துள்ளது குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் வட்டாரத்தில் ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கி வருகின்றன. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் அங்கே வழங்குகின்றன. 'அவசரம்' என்னும் சொல்லைத் தமிழர் விரைவு என்ற பொருளில் வழங்குவர். தெலுங்கர்க்கோ அது தேவை என்று பொருள்படும். மாட்டிற்கு ஊசி போடுவதைப் பற்றித் தெலுங்கர் ஒருவர் 'அவசரம் லேது' என்றால், ஊசியே வேண்டியதில்லை என்பது கருத்து. தமிழர் 'அவசரமில்லை' என்றால், நாளை போட்டுக்கொள்ளலாம் என்பது கருத்து. சொல் ஒன்றே. ஆயினும் எம்மொழிச் சொல்லாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்துச் செய்யவேண்டிய செயலே மாறிவிடுகிறது.

கணிப்பொறியின் உள்ளேயும் இதே இடர்ப்பாடு நாள்தோறும் நேர்கிறது. அதன் நினைவகம், வரிசையாக எண்ணிடப்பட்ட சிறு அறைகளின் தொகுதியாகும். ஓர் அறையின் எண்ணைத் தாங்கி நிற்பது 'சுட்டி' எனப்படும். அவ்வறையில் இருப்பது எவ்வகைப் பொருள் என்பதைச் சுட்டியின் வகை உரைக்கும். ஒருவகைச் சுட்டியை வேறு வகையாகக் கொள்க என்று நிரலாசிரியர் இடும் ஆணையே 'வகைமாற்றம்'. இவ்வாணையால் அறையில் உள்ளது அணுவளவும் மாறுவதில்லை. அதனைப் படிக்கும் மொழி மட்டுமே மாறுகிறது.

ஆண்டிராய்டு கைபேசிகளுக்கும், சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்திற்கும் அடிப்படையாக இருப்பது லினக்ஸ் கெர்னல் என்னும் மைய நிரல். தொடுதிரை, கேமரா, வலைத்தொடர்பு அட்டை போன்ற ஒவ்வோர் உறுப்பையும் இயக்குவதற்கு அதனுள் தனித்தனி இயக்கி நிரல்கள் உள்ளன. பிற நிரல்களில் தவறு நேர்ந்தால் அந்நிரல் மட்டும் நின்றுபோகும். இயக்கி நிரலில் நேர்ந்தாலோ பொறி முழுவதும் நின்றுபோகலாம். தீயோர் உட்புகவும் வழி பிறக்கலாம்.

இத்தவறுகளை முன்கூட்டியே கண்டறிய, நிரலை ஓட்டிப் பாராமலே அதன் வரிகளைப் படித்து ஐயம் எழுப்பும் கருவிகள் தோன்றின. அவற்றுள் ஒன்றான 'ஸ்பார்ஸ்' என்பதை லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். சி மொழி வேறுபடுத்திக் காணாத சிலவற்றிற்கு இக்கருவி தனித்தனி அடையாளம் தருகிறது. பயனர் நிரல் கொடுத்த முகவரி ஒருவகை; அது பொய்யாகவும் இருக்கலாம் என்பதால், சோதித்தே அங்குள்ளதை நகலெடுத்தல் வேண்டும். சாதனத்தின் பதிவேட்டைக் குறிக்கும் முகவரி மற்றொரு வகை. அதனை அதற்கென அமைந்த செயற்கூறுகள் வழியாகவே படித்தல் வேண்டும். வலைத்தொடர்பில் வரும் எண் மூன்றாவது வகை. அதன் பைட்டுகளின் வரிசை, பெரும்பாலான கணிப்பொறிகளில் வழங்கும் வரிசைக்கு நேர்மாறானது. நான்கு பைட்டுகளில் வரும் 1 என்னும் எண்ணை வரிசை மாற்றாமல் படித்தால் அது 1,67,77,216 ஆகிவிடும். இவ்வகைகள் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில் ஸ்பார்ஸ் எச்சரிக்கை விடுக்கிறது.

நிற்க. எச்சரிக்கை வந்தபின் நடப்பதுதான் இங்கு ஆராயத்தக்கது. எச்சரிக்கை எழுந்த வரியில் ஒரு வகைமாற்றத்தைச் செருகிவிட்டால் கருவி வாய் மூடிக்கொள்ளும். 'இதனை வற்புறுத்தி ஏற்றுக்கொள்' என்று ஆணையிடும் குறியும் ஸ்பார்ஸில் உண்டு. ஒரு நிமிட வேலை. பட்டியலில் ஓர் எச்சரிக்கை குறைந்துவிடும். ஆனால் 1 என்பது 1,67,77,216 ஆகப் படிக்கப்படுவது அப்படியே தொடரும். முன்பு ஐயமாகத் தெரிந்த தவறு, இப்போது மறைந்த தவறாகிவிடுகிறது. இதனைத் திருத்தம் என்று கூறுதல் பொருந்தாது.

எச்சரிக்கையை ஆராயாமல் அடக்கியதன் விளைவுக்கு ஒரு சான்று உண்டு. அது கெர்னலைச் சேர்ந்ததன்று. ஆயினும் பாடம் ஒன்றே. டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில், மறைகுறியீட்டுப் பணிக்குரிய ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலைக் கருவி கொண்டு சோதித்தபோது சில எச்சரிக்கைகள் எழுந்தன. அவற்றைப் போக்கும் பொருட்டு 2006-ஆம் ஆண்டில் நிரலின் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, இரகசியச் சாவிகளுக்கு வேண்டிய தற்செயல் எண்களைச் சேர்த்துவந்த வரி. எச்சரிக்கை ஒழிந்தது, அதனோடு சாவிகளின் இரகசியமும் ஒழிந்தது. ஒரு குறிப்பிட்ட பொறிவகையில், குறிப்பிட்ட நீளமுள்ள சாவி 32,768 வகைகளுக்குள் அடங்கிவிட்டது. 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் இது வெளிப்பட்டது. அதுவரை அந்நிரலால் ஆக்கப்பட்ட சாவிகளையெல்லாம் கைவிட்டுப் புதியன ஆக்கவேண்டியதாயிற்று.

உண்மையான தீர்வு எத்தகையது என்பதற்கும் சான்று உண்டு. லினக்ஸ் கெர்னலில் குறித்த நேரத்தில் ஒரு செயற்கூற்றை அழைக்கும் காலக்கணக்கி, முன்பு ஒரு வெறும் எண்ணை மட்டுமே அச்செயற்கூற்றிடம் ஒப்படைக்கும். இயக்கி நிரல்கள் தம் தரவின் முகவரியை வகைமாற்றத்தால் எண்ணாக்கி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் முகவரியாக்கிக்கொள்ளும். இவ்வழக்கம் சரிபார்ப்புக்கு இடந்தராததோடு, தாக்குதலுக்கும் வசதியாயிற்று. 2017-ஆம் ஆண்டில் இம்முறையே மாற்றப்பட்டது. காலக்கணக்கி தன் முகவரியையே உரிய வகையுடன் ஒப்படைக்கிறது. தன் தரவு அதிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை இயக்கி நிரல் கணக்கிட்டுக்கொள்கிறது. பல நூறு கோப்புகளைத் திருத்தவேண்டியிருந்த இம்மாற்றம், 2018 ஜனவரியில் வெளிவந்த 4.15-ஆம் பதிப்பில் நிறைவெய்தியது. உழைப்பு பெரிதே, ஆனால் எச்சரிக்கைக்குக் காரணமே அற்றுப்போயிற்று.

எச்சரிக்கைகளுள் பல வீண் கூச்சல் என்பாரும் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. கருவி நிரலின் நோக்கத்தை அறியாது. குற்றமற்ற வரியையும் அது ஐயுறும். வகைமாற்றமே கூடாது என்பதும் மிகையாகும். கெர்னலில் அது தவிர்க்கவொண்ணாத இடங்கள் உண்டு. அவ்விடங்களில் வகைமாற்றம் செய்து, அது ஏன் தீங்கற்றது என்பதை அருகிலேயே எழுதிவைத்தல் முறை. காரணம் எழுத முடியாத இடத்தில் வகைமாற்றம் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை.

மற்ற இடங்களில் பின்பற்றவேண்டிய வழி எளிது. தரவு எங்கிருந்து வந்தது, உண்மையில் அது எவ்வகையைச் சேர்ந்தது என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். அறிவிப்பு தவறாயின் அறிவிப்பையே திருத்துதல் வேண்டும். வெளியிலிருந்து வரும் எண்ணை நுழைவாயிலிலேயே ஒருமுறை முறைப்படி மாற்றிக்கொண்டால், உள்ளே ஐயத்திற்கு இடமிராது. 64 பிட்டு முகவரியை 32 பிட்டு எண்ணில் அடைத்தல், ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டில் மூன்றை மட்டும் எழுதிக் கடிதத்தைப் பெட்டியில் போடுவதற்கு ஒப்பாகும்.

இதில் ஆசிரியர்களின் பொறுப்பு பெரிது. 'எச்சரிக்கை இல்லாத நிரலுக்கு முழு மதிப்பெண்' என்னும் விதி, வாயடைக்கும் வித்தையையே மாணவருக்குக் கற்பிக்கும். எச்சரிக்கை ஏன் எழுந்தது, எவ்வாறு தீர்ந்தது என்று இரண்டு வரி எழுதச் சொல்லி, அதற்கு மதிப்பெண் தருதல் நன்று. களப்பணியாளர்க்கும் இது புதிதன்று. பதிவேட்டில் கூட்டுத்தொகை ஒவ்வாதபோது, தணிக்கையாளர் வருமுன் ஓர் எண்ணை மாற்றிச் சரிக்கட்டுவது ஒரு வழி. களத்திற்குச் சென்று மீண்டும் எண்ணிப் பார்ப்பது மற்றொரு வழி. முன்னதில் பதிவேடு மட்டுமே சரியாகும்.

குடுபல்லியில் 'அவசரம் லேது' என்ற சொல்லைக் கேட்ட தமிழர், 'வேண்டாமா, நாளை போதுமா?' என்று ஒருமுறை திருப்பிக் கேட்டால் போதும், குழப்பம் தீரும். கருவி விடுக்கும் எச்சரிக்கையும் அத்தகையதொரு கேள்வியே. கேட்பவரை அதட்டி அமர்த்துவதால் பொருள் தெளிவாவதில்லை. விடை கூறுவதே கடமை.