துடுப்புப் பந்தயமும் கோடை வெயிலும்

புதுக்கோட்டை ஜில்லாவின் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகையும் வலையையும் செப்பனிட்டபின் கோட்டைப்பட்டினத்து வாலிபர்களுக்கும் ஜெகதாப்பட்டினத்து வாலிபர்களுக்கும் வேறு வேலை ஏது? அந்நாட்களில் அவர்களை நெடுந்தூரத் துடுப்புப் பந்தயத்திற்குச் சர்க்கார் தயார் செய்யலாகாதா என்று கேட்கிறோம். கடலே இல்லாத மணிப்பூரைச் சேர்ந்த சுனில் சிங், அர்ஜுன் சிங்குடன் சேர்ந்து 2023-ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அது 1,000 மீட்டர். நாலு நிமிஷக் காரியம். நெடுந்தூரப் பந்தயமோ மணிக்கணக்கில் நடப்பது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

பாக் ஜலசந்தியின் கோடைக் காற்றில் ஈரம் மிகுதி. வேர்வை வழிகிறதேயொழிய உலருவதில்லை. உலராத வேர்வை தேகத்தைக் குளிர்விப்பதுமில்லை. உச்சி வெயிலில் துடுப்புப் போடச் செய்து, தாகத்தை அடக்குவதே வீரமென்று போதிக்கும் வாத்தியார்கள் நம்மிடையே இல்லாமலில்லை. இது பயிற்சியன்று, கொடுமை. விடியுமுன் தொடங்கி, முதலிரண்டு வாரம் நேரத்தைச் சிறிது சிறிதாகவே நீட்டித் தேகத்தை உஷ்ணத்திற்குப் பழக்க வேண்டும். படகிலேயே உப்பிட்ட மோரோ நீராகாரமோ இருக்கட்டும். நம் மீனவருக்கு இது புதிதுமல்ல. தலை சுற்றியவனை உடனே கரையேற்றி, நிழலில் கிடத்தி, குளிர்ந்த நீர் ஊற்றுவதற்குத் துணைப்படகு ஒன்று தொடர வேண்டும்.

61 நாளில் வீரன் உருவாகிவிடுவான் என்று நாம் சொல்லவில்லை. ஒரு கொட்டகை, சில படகுகள், வெயிலின் குணமறிந்த ஓர் ஆசிரியர்: வரும் ஏப்ரலுக்குள் சர்க்கார் இவ்வளவாவது செய்யட்டும்.