நிறைந்த சுவர்களும் வெறுங்கையோடு வந்தவர்களும்

வீட்டை நிறைத்து வைப்பது மீண்டும் நாகரிகமாகியிருக்கிறது. டிக்டொக்கிலும் இன்ஸ்டகிராமிலும் இருபது வயதுக்காரர்கள் காட்டும் அறைகளில் சுவரே தெரிவதில்லை. படங்கள், வண்ணத்துணிகள், செடிகள், பழைய விளக்குகள், அடுக்கடுக்காகப் புத்தகங்கள். இதற்கு ‘மெக்சிமலிசம்’ என்று பெயர். பிடித்ததையெல்லாம் சேர், எல்லாவற்றையும் கண்ணில் படும்படி வை என்பதே இதன் அடிப்படை. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இளையவர்களின் அறைகளில் இந்த அலையின் அடையாளங்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். சரமாகத் தொங்கும் சின்ன மின்குமிழ்கள், பிளாஸ்ரிக் கொடிகள், சுவர் முழுக்க ஒட்டிய படங்கள்.

இது ஓர் எதிர்வினையாகவே தொடங்கியது. முந்தைய பத்தாண்டில் ‘குறைத்து வாழ்’ என்பதே நாகரிகமாக இருந்தது. ஜப்பானியரான மரி கொண்டோவின் நூல் 2011 இல் வெளிவந்தது. மனதுக்கு மகிழ்ச்சி தராத பொருளுக்கு விடைகொடுத்துவிடுங்கள் என்ற அவரது முறை, 2019 இல் நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே கொவிட் முடக்கம் வந்தது. மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்கு வெள்ளைச் சுவரும் வெறும் மேசையும் அலுத்துப்போயின. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு வீட்டை ஒழுங்குபடுத்துவதில் தான் முன்போலக் கண்டிப்பாக இல்லை என்று 2023 இல் கொண்டோவே சொன்னார். இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. லண்டன், ரொறன்ரோ போன்ற நகரங்களில் இளையவர்களுக்குச் சொந்த வீடு எட்டாத தூரத்தில் இருக்கிறது. வாடகை அறையில் அவர்களால் மாற்றக்கூடியது அதன் தோற்றம் மட்டுமே.

ஆனால் எங்கள் பிள்ளைகளின் அறைகளை இந்தக் காரணங்களால் மட்டும் விளக்கிவிட முடியாது. குறைத்து வாழச் சொல்லும் தத்துவத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எறிந்ததைத் தேவைப்பட்டால் நாளை திரும்ப வாங்கலாம், நாளையும் இதே வீட்டில் இருப்போம் என்பதே அது. இந்த மண்ணில் அந்த நிச்சயம் இருந்ததில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், யாழ்ப்பாண நகரில் சில மணிநேர அவகாசத்தில் நகையையும் பணத்தையும் பறிகொடுத்து வெளியேறினார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் கையில் கிடைத்ததோடு தென்மராட்சிக்கு நடந்தார்கள்.

வன்னியில் 2008 இல் சனங்கள் கூரைத் தகட்டையும் கதவு நிலையையும்கூடக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் ஏதோவொன்றை விட்டுவிட்டே அடுத்த இடத்துக்குப் போனார்கள். சிலர் திரும்பி வந்து எடுக்கலாம் என்று மண்ணுக்குள் புதைத்தார்கள். முள்ளிவாய்க்காலைக் கடந்தபோது பலரிடம் மிஞ்சியது ஒரு பை மட்டுமே. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சிலரிடம் ஓரிரு புகைப்படங்கள்.

பிறகு வீடுகள் வந்தன. வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. கல்லும் சீமெந்தும் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. நான் செய்திக்காகப் போய்வந்த பல வீடுகளில் உள்சுவருக்கு இன்னும் பூச்சில்லை. அந்தச் சுவர்களில்தான் பிள்ளைகள் இப்போது படம் ஒட்டுகிறார்கள். 2009 இல் பிறந்த பிள்ளைக்கு இன்று உயர்தரம் படிக்கும் வயது. அம்மா அந்தப் பையை இன்றும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பார். பிள்ளைக்கோ எங்கும் ஓட வேண்டிய யோசனையே இல்லை. “இதெல்லாம் என்னத்துக்கு?” என்று பெரியவர்கள் கேட்பதில், இன்னொருமுறை இழக்க நேருமோ என்ற பயமும் இருக்கிறது. பிள்ளை சுவரை நிறைப்பதோ, இது என் இடம் என்று சொல்வதற்கு. வீண் ஆடம்பரம் என்று அதை ஒதுக்கக் கூடாது.

அதேவேளை சந்தையும் இந்த ஆசையை நன்றாக அறிந்துவைத்திருக்கிறது. போர் முடிந்த கையோடு தவணைக் கட்டணக் கடைகளும் நுண்கடன் நிறுவனங்களும் வடக்கு கிழக்குக்குள் நுழைந்தன. இழந்த வீட்டுச் சாமான்களை மீண்டும் வாங்கும் அவசரம் பல குடும்பங்களைக் கடனுக்குள் தள்ளியது. வடக்கு கிழக்கு உட்பட வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற 100,000 ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. இன்று அதே ஆசைக்குக் கைபேசியில் விளம்பரம் வருகிறது. அதில் விற்கப்படும் பிளாஸ்ரிக் கொடி உலகெங்கும் ஒன்றுதான். தனித்துவம் என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே அறையை விற்கிறார்கள்.

எனவே எவ்வளவு வைக்கிறோம் என்பதைவிட எதை வைக்கிறோம் என்பதே எனக்கு முக்கியமாகப்படுகிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் வீதியோரத்தில் போராட்டத்தைத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் ஏந்தியிருந்தவை புகைப்படங்களே. அல்பங்கள் அழிந்துபோன சமூகத்தில் ஒரு புகைப்படம் சாட்சியமும் ஆகிறது. மின்குமிழ்ச் சரத்துக்கு இடம் இருக்கும் சுவரில், அம்மம்மாவின் கலியாணப் படத்துக்கும் மாமாவின் பள்ளிக்கூடப் படத்துக்கும் இடம் கொடுக்கலாம். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பெரியவர்களைக் கேட்டுப் பின்பக்கம் எழுதிவைக்கலாம். கைபேசியில் பிரதி எடுத்து வெளிநாட்டு உறவுகளிடமும் ஒரு பிரதி இருக்கச் செய்யலாம். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றையும் நாடலாம். இதற்குத் தவணைக் கட்டணம் தேவையில்லை.

வலிகாமம் வடக்கிலும் கேப்பாப்புலவிலும் சொந்தக் காணிக்காகக் காத்திருந்தே வயதானவர்கள் இருக்கிறார்கள். சுவர் இருந்தால்தானே அதில் எதை மாட்டுவது என்று யோசிக்கலாம். அந்த யோசனைக்கே இன்னும் வழியில்லாதவர்களின் காணிகளையும் சேர்த்துத்தான் எங்கள் வீடுகளைப் பற்றி நாங்கள் பேச வேண்டும்.