பொருநையா, தாமிரபரணியா?

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, புன்னைக்காயலில் கடலைச் சேரும் ஆற்றுக்கு எந்தப் பெயர் சரி என்று பண்டிதர்கள் வாதிடுகிறார்கள். சங்க நூல்களில் அது பொருநை. வடமொழி நூல்களில் தாமிரபர்ணி. பழங்காலத்தில் இலங்கைக்கும் இதே பெயர் வழங்கியது. கடல் கடந்து வந்து களைத்தவர்கள் தரையில் கையூன்ற, செம்மண் பட்டு உள்ளங்கை சிவந்ததாம். அதனால் அத்தீவுக்கு அந்தப் பெயர் வந்தது என்று மகாவம்சம் கதை சொல்கிறது. அது கதையாகவே இருக்கட்டும். மண்ணில் கை வைத்துச் சிவந்தவர்கள் யார் என்பது உழைப்பாளிகளான நமக்குத் தெரியாதா?

இரண்டு பெயரும் நமக்குச் சம்மதமே. பெயரைப் போற்றுகிறவர்கள் ஆற்றோடு மாரடித்த மக்களை மறப்பதுதான் நமக்குச் சம்மதமில்லை.

சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு எல்லாம் சேர்ந்ததுதான் தாமிரபரணி. அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். ஏழு, வெள்ளையன் ஆட்சிக்கு முன்பே எழுந்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அவன் காலத்தது. கல் சுமந்தவன் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? காரும் பிசானமும் விளைந்தது யார் நட்ட நாற்றில்? பாபநாசத்தில் விழும் நீரின் வேகத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி நூல் மில்லை ஓட்டியது. தண்ணீர் மட்டுமா மில்லை ஓட்டியது?

மணிமுத்தாற்றுக்கு மேலே இருக்கிறது மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கம்பெனிக்குக் கொடுத்த காடு அது. அட்டைக்கடியிலும் மழையிலும் அதைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்கள் கூலித் தொழிலாளிகள். கூலி உயர்வும், சிறைப்பட்ட சக தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் அவர்களுக்காக ஊர்வலம் சென்றது. கலெக்டர் ஆபீஸ் அருகே போலீஸ் தடியடி நடத்தியது. ஜனங்கள் ஆற்றுக்குள் விரட்டப்பட்டார்கள். 17 பேர் மாண்டார்கள். அதில் ஒரு பச்சிளங் குழந்தையும் உண்டு. எந்த மலையின் தண்ணீரில் அந்தத் தொழிலாளிகள் வாழ்ந்தார்களோ, அந்தத் தண்ணீரிலேயே அவர்களுக்காக வந்தவர்களின் பிணங்கள் மிதந்தன!

குத்தகை முடிய 2028 வரை தவணை இருந்தும், 2024-லேயே கம்பெனி தோட்ட வேலையை நிறுத்திவிட்டது. தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்களை மலையை விட்டு இறங்கச் சொன்னது. காட்டைக் காக்க வேண்டும் என்கிறார்கள். காக்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் லாபத்தைக் கம்பெனி கொண்டுபோக, நஷ்டம் மட்டும் தொழிலாளியின் தலையிலா?

பொருநையின் பெயரால் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று 2021-ல் தமிழக சர்க்கார் அறிவித்தது. நாம் வரவேற்கிறோம். மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய தாழிக்கு இடம் உண்டென்றால், 1999-ல் மாண்டவர்களுக்கும் அங்கே இடம் வேண்டும். அந்த 17 பேரின் பெயர்களையும் ஆற்றங்கரையில் சர்க்காரே கல்லில் பொறிக்க வேண்டும். மாஞ்சோலைக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் பிழைப்பும் தர வேண்டும். மில் வாசலிலும் வயல் வரப்பிலும் இந்தக் கோரிக்கையை எழுப்புவோம்!