கைதானவர் எங்கே போனார்?

நியூயார்க்கில் ஒருவர் கைதாகிறார். சில நாட்களில் லூசியானாவிலோ டெக்சாஸிலோ ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார். பிறகு நாடு கடத்தப்படுகிறார், அல்லது பிணையில் வெளியே வருகிறார். அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறையான ‘ஐஸ்’ இதைத் தனித்தனி அட்டவணைகளில் பதிகிறது: கைது ஓரிடத்தில், காவல் ஓரிடத்தில், வெளியேற்றம் வேறோரிடத்தில். மூன்றையும் கோக்கும் நூல், அவருக்கு அரசு கொடுத்திருக்கும் ‘ஏ-நம்பர்’.

அந்த எண்ணை வெளியாருக்குத் தர முடியாது. தனிமனித அந்தரங்கம் அது. நியாயமான தடைதான். ஆனால், எண்ணை நீக்கியதும் நூல் அறுந்துவிடுகிறது. எத்தனை பேர் கைதானார்கள் என்பது தெரியும். அவர்கள் என்ன ஆனார்கள் என்பது தெரியாது.

அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமான ஏசிஎல்யூ எளிய வழி ஒன்றைக் கேட்டது: ஏ-நம்பருக்குப் பதிலாக, யாரையும் காட்டிக்கொடுக்காத வேறோர் எண்ணைப் போட்டுக் கொடுங்கள். ஐஸ் மறுத்தது. புதிய ஆவணம் தயாரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டம் தங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்றது. கீழ் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2023 ஜனவரியில் இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. மறைக்க வேண்டிய எண்ணையே சாவியாக வைத்துக்கொண்டு, மறைக்கக் கூடாத தகவல்களையும் பூட்டிவைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். சமீப ஆண்டுகளில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி என்று இதைத்தான் சொல்வேன்.

1966இல் வந்த தகவல் சுதந்திரச் சட்டம் 20 வேலை நாட்களில் பதில் தரச் சொல்கிறது. நடப்பில், வழக்குப் போட்டால்தான் கோப்பு நகர்கிறது. சிரகூஸ் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கிய ‘டிராக்’ என்ற தரவு ஆய்வு அமைப்பு பல ஆண்டுகள் இப்படித்தான் போராடியது. இன்று பெர்க்லி சட்டக் கல்லூரியின் ‘டிபோர்டேஷன் டேட்டா ப்ராஜெக்ட்’, வழக்காடிப் பெற்ற கோப்புகளை யாரும் இறக்கிக்கொள்ளத் தருகிறது.

அந்தக் கோப்புகளில் ஒரு வரிசையைப் பாருங்கள். பிறந்த ஆண்டு, பாலினம், நாடு, கைதான தேதி, மாநிலம். உள்ளூர்ச் சிறையில் இருந்தவரா, வெளியே பிடிபட்டவரா? தண்டனை பெற்றவரா, வழக்கு நிலுவையில் உள்ளவரா, இரண்டும் இல்லாதவரா? பெயர் இல்லை. ஆனால் ஒரு மனிதர் இருக்கிறார்.

கொடுங்குற்றவாளிகளைத்தான் பிடிக்கிறோம் என்று 2025 முழுக்க ஆட்சியாளர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ஐஸ் காவலில் இருந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் தண்டனை எதுவும் பெறாதவர்கள் என்று அந்தத் துறையின் கணக்கே காட்டியது. எந்த மாநிலத்தில், எந்த மாதத்தில், எந்த வகைக் கைதால் இப்படி ஆனது என்ற அடுத்த கேள்விக்கு மொத்த எண்ணிக்கை பதில் சொல்லாது, வரிசைகள்தான் சொல்லும்.

இந்தத் தரவில் குறைகள் உண்டு. ஒரே கைது இரண்டு முறை பதிவாகியிருக்கும், சில கட்டங்கள் காலியாக இருக்கும். சிறிய ஊரில், அரிதான ஒரு நாட்டைச் சேர்ந்தவரைப் பெயரில்லாமலே அடையாளம் கண்டுவிடலாம் என்ற அச்சமும் மெய்யானது. பிறந்த தேதியை ஆண்டாகச் சுருக்கியதைப் போல ஊரையும் மாநிலமாகச் சுருக்கலாம். கோப்பையே மறைக்க இது காரணமாகாது.

காவலில் இருப்போரின் எண்ணிக்கையை ஐஸ் இன்று தொடர்ந்து வெளியிடுகிறது என்றால், நிதி ஒதுக்கீட்டின்போது நாடாளுமன்றம் அதைக் கட்டாயமாக்கியதுதான் காரணம். மாற்று எண்ணுடன் கூடிய வரிசைகளையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று அதே இடத்தில் எழுதிவிட்டால், ஆய்வாளர் நீதிமன்ற வாசலில் காத்துக்கிடக்கும் நாட்களை ஆய்வில் செலவிடுவார்.